கருவின் கைவரிசை

நியூட்ரினோவைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் அதைப் பேய், பிசாசு, மாயாவி என்று திட்டிவிட்டுத்தான் ஆரம்பிப்பார்கள். சூரியனிலிருந்து கிளம்பி விநாடிக்கு ஆறாயிரம் கோடிக்கு மேல் உங்கள் கட்டைவிரல் நகத்தைத் துளைத்துக்கொண்டு போகிறதாம். ஒன்றுகூட நின்று விசாரிப்பதில்லையாம். இந்தப் புகாரில் எனக்கு நம்பிக்கை இல்லை. நூறு வருஷத்துக் கேஸ் கட்டைப் புரட்டிப் பார்த்தால், நியூட்ரினோ பாவம், தன்பாட்டுக்குத் தன் வழியில் போகிற பிராணி. படித்த மனிதர்களை ஓட ஓட விரட்டியது அணுக்கரு.

விவகாரம் 1914இல் பெர்லினில் ஆரம்பிக்கிறது. ஜேம்ஸ் சாட்விக் என்ற இளைஞர் பீட்டா சிதைவில் வெளியே வரும் எலெக்ட்ரான்களை அளந்துகொண்டிருந்தார். ஒரே வகைக் கரு ஒரே மாதிரி சிதைகிறது என்றால் எல்லா எலெக்ட்ரானும் ஒரே ஆற்றலோடு வர வேண்டும். வரவில்லை. ஒன்று மடி நிறைய வாரிக்கொண்டு வந்தது, ஒன்று வெறுங்கையோடு வந்தது. மிச்ச ஆற்றல் எங்கே என்று கருவைக் கேட்டால் கமுக்கமாக இருந்தது. மேற்கொண்டு கேட்பதற்குள் உலகப் போர் வந்துவிட்டது. எதிரி நாட்டான் என்று சாட்விக்கைப் பிடித்து ரூலேபன் என்ற இடத்தில் குதிரைப் பந்தய லாயத்தில் அடைத்தார்கள். மனுஷன் அங்கேயும் சும்மா இருக்கவில்லை. அப்போது ஜெர்மனியில் பல் பளபளக்கும் என்று சொல்லி தோரியம் கலந்த பற்பசை விற்றுக்கொண்டிருந்தார்கள். அதை வாங்கி வைத்துக்கொண்டு லாயத்திலேயே கதிரியக்க ஆராய்ச்சி நடத்தினார். அந்தப் பசையில் தினமும் பல் தேய்த்தவர்களைப் பற்றி யாரும் ஆராய்ச்சி நடத்தியதாகத் தெரியவில்லை.

1927இல் எல்லிஸ், வூஸ்டர் என்ற இருவர் கதிரியக்கப் பிஸ்மத்தை வெப்பமானிக்குள் பூட்டி வைத்து, வெளிவரும் சூட்டை மொத்தமாக அளந்தார்கள். எங்கே ஒளிந்திருந்தாலும் சூடாக மாட்டிக்கொள்ளும் அல்லவா? மாட்டவில்லை. ஒரு சிதைவுக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆற்றல்தான் சிக்கியது. லிசே மைட்னருக்கு நம்பிக்கை வராமல் தானே செய்து பார்த்தார். அதே விடைதான். இந்த இடத்தில் நீல்ஸ் போர் ஒரு யோசனை சொன்னார். ஆற்றல் அழியாது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறோமே, கருவுக்குள் மட்டும் அந்தச் சட்டத்தைத் தளர்த்திவிட்டால் என்ன? கணக்குப் பிள்ளை கையாடலைக் கண்டுபிடிக்க முடியாமல் கணக்கு எழுதுவதையே நிறுத்திவிடலாம் என்று சொன்ன மாதிரிதான். சொன்னவர் நோபல் பரிசு வாங்கியவர் என்பதால் யாரும் சிரிக்கவில்லை.

வொல்ஃப்காங் பௌலி மட்டும் எரிச்சலானார். அவருக்கு அப்போது எல்லாமே எரிச்சல். 1930 நவம்பரில்தான் விவாகரத்து ஆகியிருந்தது. மனைவி ஒரு வேதியியல்காரரோடு போய்விட்டார். காளைச் சண்டை வீரனோடு போயிருந்தாலாவது மனசு ஆறும், போயும் போயும் ஒரு வேதியியல்காரனா என்று புலம்பினாராம். டிசம்பர் 4ஆம் தேதி, ட்யூபிங்கனில் கூடியிருந்த நிபுணர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். கதிரியக்கச் சீமான்களே, சீமாட்டிகளே என்று விளித்து, கருவிலிருந்து எலெக்ட்ரானோடு கூடவே மின்னேற்றம் இல்லாத ஒரு குட்டித் துகளும் வெளியேறுகிறது, காணாமல் போன ஆற்றல் அதன் கையில்தான் இருக்கிறது என்றார். நேரில் வந்து சொல்ல முடியாது, ஜூரிச்சில் ஒரு நடன விருந்து இருக்கிறது, நான் இல்லாமல் நடக்காது என்று காரணமும் எழுதியிருந்தார். இயற்பியலின் மிகப் பெரிய ஊகங்களில் ஒன்று லீவ் லெட்டராகத்தான் உலகத்துக்கு வந்தது.

இந்தத் துகளை யாராலும் பிடிக்க முடியாது என்று ஒரு பெட்டி ஷாம்பெய்ன் பந்தயமும் கட்டினார். 1934இல் ஹான்ஸ் பெத்தேயும் ருடால்ஃப் பயர்ல்ஸும் கணக்குப் போட்டுப் பார்த்து அவருக்குத் தைரியம் கொடுத்தார்கள். நியூட்ரினோ ஒரு கருவோடு மோத வேண்டுமென்றால் ஆயிரம் ஒளியாண்டுத் தடிமனுக்குத் திடப்பொருளை அடுக்க வேண்டும். ஆகவே நடைமுறையில் கண்டுபிடிக்கவே வழியில்லை என்று தீர்ப்பு எழுதி 'நேச்சர்' இதழில் போட்டுவிட்டார்கள். அணு உலை என்று ஒன்று வரும், அதிலிருந்து நியூட்ரினோ வெள்ளமாகக் கொட்டும் என்று 1934இல் யார் கண்டார்கள்? பின்னாளில் இதைப் பற்றி பெத்தேயிடம் கேட்டபோது, பத்திரிகையில் வருவதையெல்லாம் நம்பலாமா என்றாராம்.

1951இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸில் அணுகுண்டு வேலை பார்த்துப் பார்த்து அலுத்துப்போன ஃபிரெடரிக் ரைன்ஸ், உருப்படியாக ஏதாவது செய்வோம் என்று உட்கார்ந்து யோசித்தார். நியூட்ரினோவைப் பிடிப்பது என்று முடிவானது. கூட்டாளி கிளைட் கோவன் கிடைத்தது இன்னொரு கூத்து. இருவரும் போன விமானம் இயந்திரக் கோளாறால் கான்சாஸ் சிட்டியில் தரையிறங்க, விமான நிலையத்தில் பொழுது போகாமல் பேசியதில் கூட்டு உறுதியானது.

குண்டுக்காரர்களுக்கு எந்தப் பிரச்சினைக்கும் குண்டுதான் முதலில் ஞாபகம் வரும் போலிருக்கிறது. அவர்கள் போட்ட திட்டம் இது. இருபது கிலோடன் அணுகுண்டை ஒரு கோபுரத்தின் உச்சியில் வைத்து வெடிப்பது. அங்கிருந்து நாற்பது மீட்டர் தள்ளி 45 மீட்டர் ஆழத்துக்கு ஒரு கிணறு. கிணற்றுக்குள் காற்றை உறிஞ்சிவிட்டு மேலே ஒரு பெரிய உணர்கருவியைத் தொங்கவிடுவது. குண்டு வெடிக்கும் அதே நொடியில் கட்டை அறுத்துவிட வேண்டும். நிலம் அதிர்ந்து குலுங்கும்போது கருவி அந்தரத்தில் விழுந்துகொண்டிருக்கும், அதிர்ச்சி அதைத் தொடாது. விழுகிற இரண்டு விநாடிக்குள் நியூட்ரினோக்களை எண்ணிவிட்டு அடியில் மெத்தென்று இறங்கும். மெத்தென்று என்றால் நிஜமாகவே மெத்தைதான். பறவை இறகும் நுரை ரப்பரும் பரப்பி வைப்பதாக ஏற்பாடு. மேலே கதிரியக்கம் கொஞ்சம் தணிந்ததும் சில நாள் கழித்துப் போய்த் தோண்டி எடுத்துக்கொள்ளலாம்.

ஆய்வகத் தலைவர் நாரிஸ் பிராட்பரி இந்தத் திட்டத்துக்கு அனுமதி கொடுத்தார். என்ரிக்கோ ஃபெர்மியும் தலையாட்டினார். நம்மூரில் ஒரு ஆழ்துளைக் கிணற்றுக்கு அனுமதி வாங்க எத்தனை நடை நடக்க வேண்டியிருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

நல்ல வேளையாக 1952இல் புத்தி தெளிந்தது. நியூட்ரினோ ஒரு புரோட்டானை மோதினால் ஒரு பாசிட்ரானும் ஒரு நியூட்ரானும் பிறக்கும். பாசிட்ரான் உடனே எலெக்ட்ரானோடு மோதி அழிந்து ஒரு மினுக்கு மினுக்கும். நியூட்ரான் கொஞ்சம் அலைந்துவிட்டு, சில மைக்ரோவிநாடி கழித்து காட்மியம் கருவிடம் சிக்கி இன்னொரு மினுக்கு. இந்த இரட்டை மினுக்கலை மட்டும் கவனித்தால் போதும், மற்ற கூச்சலையெல்லாம் தள்ளிவிடலாம். அப்படியானால் குண்டு எதற்கு, அணு உலை போதுமே! உலையில் நியூட்ரினோ வரத்து குறைவுதான். ஆனால் மாதக்கணக்கில் பக்கத்தில் உட்காரலாம். குண்டை அப்படி உட்கார்ந்து பார்க்க முடியாது.

1953இல் ஹான்ஃபோர்டு உலையருகே முதல் முயற்சி. உலை ஓடும்போதும் ஓடாதபோதும் விண்வெளிக் கதிர்களே மினுக்கிக் கும்மாளம் போட்டன. நிமிஷத்துக்கு 0.4 அளவுக்கு வித்தியாசம் தெரிந்தது, அதுவும் சந்தேகத்தோடு. அடுத்து சவானா ரிவர். உலையிலிருந்து 11 மீட்டர் தள்ளி, 12 மீட்டர் நிலத்துக்கடியில், காட்மியம் குளோரைடு கரைத்த 200 லிட்டர் தண்ணீர்த் தொட்டிகள் இரண்டு. அவற்றின் மேலும் கீழும் நடுவிலும் ஒளிரும் திரவம் 1,400 லிட்டர் வீதம் மூன்று தொட்டிகளில். ஒவ்வொன்றையும் 110 ஒளிபெருக்கிக் குழாய்கள் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தன. மணிக்கு மூன்று மினுக்கல் தேறியது. உலையிலிருந்து தப்பி வரும் சாதாரண நியூட்ரான்கள் ஏமாற்றுகின்றனவோ என்ற சந்தேகத்தைத் தீர்க்க அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? உள்ளூரில் மூட்டை மூட்டையாக மரத்தூள் வாங்கி, தண்ணீரில் ஊறவைத்து, கருவியைச் சுற்றி அடுக்கினார்கள். ஈர மரத்தூள் நியூட்ரான்களை நிறுத்தும், நியூட்ரினோவை நிறுத்தாது. மினுக்கல் குறையவில்லை. அணு யுகத்தின் அதிநவீனச் சோதனைக்கு மரவாடிக்காரர் சாட்சி சொன்னார்.

1956 ஜூன் 14, பௌலிக்குத் தந்தி போனது. செர்ன் ஆய்வகத்தில் ஒரு கூட்டத்தில் இருந்தவர் அதை உரக்கப் படித்தார். பிறகு நண்பர்களோடு ஒரு பெட்டி ஷாம்பெய்னைக் காலி செய்தார். பந்தயத்தில் தோற்றவரே சரக்கைக் குடித்துவிட்டார் என்பது ரைன்ஸுக்குத் தெரிய முப்பது வருஷம் ஆனது. பொறுத்தவனுக்கு எல்லாம் கிடைக்கும் என்ற பொருளில் பௌலி எழுதிய பதிலும் அவர்கள் கைக்குப் போய்ச் சேரவே இல்லை.

இதுவரைக்கும் கதை சுபம். நான் ரசிப்பது அதற்கு அப்புறம் நடந்ததை. மோதலின் வாய்ப்பை இயற்பியலாளர்கள் ஒரு பரப்பாக அளப்பார்கள், குறுக்குவெட்டு என்று பெயர். ரைன்ஸும் கோவனும் சொன்ன அளவு 6.3, அதற்கு முன்னால் புள்ளி வைத்து 43 சைபர், சதுர செண்டிமீட்டரில். கோட்பாடு சொன்ன அளவோடு கச்சிதமாகப் பொருந்தியது. எல்லோரும் கைகுலுக்கினார்கள். மறு வருஷமே இயற்கைக்கு இடது வலது பேதம் உண்டு என்று கண்டுபிடித்துவிட்டார்கள். அதன்படி கோட்பாட்டு அளவு இரண்டு மடங்கானது. சங்கடம்தான். ரைன்ஸ் கோஷ்டி பழைய தரவை மறுபடி அலசிப் பார்த்தது. கருவியின் திறனை முதலில் கூடுதலாக மதிப்பிட்டுவிட்டோம், சரியான விடை 12 என்று அறிவித்தது. மறுபடியும் கச்சிதம்! திருத்தம் நேர்மையானதுதான், பிற்காலச் சோதனைகளும் அதையே சொல்கின்றன. இருந்தாலும் அவசரப்பட்டு முதல் தடவை கைகுலுக்கியவர்களின் முகத்தைப் பார்க்க எனக்கு ஆசை.

ரே டேவிஸ் என்ற வேதியியல்காரரின் கதை தனி. (பௌலி மன்னிப்பாராக.) தெற்கு டகோட்டாவில் ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கத்தில் ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழத்தில் துணி வெளுக்கிற திரவத்தை 600 டன்னுக்கு மேல் நிரப்பினார். சூரிய நியூட்ரினோ ஒன்று குளோரின் கருவை மோதினால் அது ஆர்கானாக மாறும். மாதத்துக்குப் பத்துப் பதினைந்து அணுதான். அத்தனை டன் திரவத்தில் அந்தப் பத்துப் பதினைந்தைத் தேடி எடுப்பது அவர் தொழில். தொட்டியைச் சுற்றி நியூட்ரான் தடுப்புக்காகத் தண்ணீர் நிரப்பியிருந்தார்கள். டேவிஸ் அதில் நீச்சலடித்தார், போட்டோ இருக்கிறது. எதிர்பார்த்ததில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைத்தது. முப்பது வருஷம் எல்லோரும் டேவிஸின் சோதனையையும் சூரியனைக் கணக்கிட்டவர்களையும் மாற்றி மாற்றிச் சந்தேகப்பட்டார்கள். கடைசியில் நியூட்ரினோவே வழியில் வேஷம் மாற்றிக்கொள்கிறது என்று கனடாவின் சட்பரி ஆய்வகம் கண்டுபிடித்தது. இந்த ஒரு வழக்கில் கருவின் மேல் குற்றமில்லை.

தங்கச் சுரங்கம் என்றதும் கோலாரைச் சொல்லாமல் போனால் அங்கே தலைமுறை தலைமுறையாக இறங்கி உழைத்த தமிழர்கள் என்னைச் சும்மா விட மாட்டார்கள். 1965இல் டாடா ஆய்வு நிறுவனமும் ஒசாகா, டர்ஹாம் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து, பாறையே சுடுகிற 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை வைத்தன. எம்.ஜி.கே. மேனன், பி.வி. ஸ்ரீகண்டன் குழு. காற்றுமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோ பாறைக்குள் ஏதோ ஒரு கருவை மோத, அதில் பிறந்த மியூயான் என்ற துகள் பக்கவாட்டில் வந்து கருவியில் விழுந்தது. அதே நேரத்தில் தென்னாப்பிரிக்கச் சுரங்கம் ஒன்றில் நம் ரைன்ஸ் இதே வேலையில் இருந்தார். நிகழ்வை முதலில் பார்த்தது அவர். கட்டுரையை முதலில் அச்சேற்றியது கோலார், இரண்டு வாரம் முன்னால். ஆகஸ்ட் 15 தேதியிட்ட இதழில்! தற்செயல்தான், ஆனாலும் நாம் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

1962இல் புரூக்ஹேவனில் லெடர்மன், ஷ்வார்ட்ஸ், ஸ்டைன்பெர்கர் மூவரும் போர்க்கப்பல் கவச இரும்பை ஐயாயிரம் டன் அடுக்கி அதன் பின்னால் 29 நிகழ்வுகளைப் பிடித்தார்கள், நியூட்ரினோவில் இரண்டு வகை என்று நிரூபித்தார்கள், 1988இல் நோபல் வாங்கினார்கள். அதில் சிரிக்க அதிகம் இல்லை. கார்கமெலில் இருக்கிறது.

கார்கமெல் என்பது பிரெஞ்சு எழுத்தாளர் ரபலேயின் கதையில் வரும் அரக்கி. அந்தப் பெயரை ஆந்த்ரே லகாரிக் ஒரு குமிழி அறைக்கு வைத்தார். ஐந்து மீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளம், காந்தத்தோடு சேர்த்து எடை ஆயிரம் டன். உள்ளே 12 கனமீட்டர் கனத்த ஃபிரியான், தீயணைக்கப் பயன்படுத்துகிற அதே சரக்கு. மின்னேற்றத் துகள் ஓடினால் குமிழி வரிசை விழும், படம் எடுப்பார்கள். பிலிமை மேஜைமேல் விரித்து ஒவ்வொன்றாகக் கண்ணால் தேட வேண்டும். நியூட்ரினோ கருவை இடித்துவிட்டு மியூயானாக மாறாமல் நியூட்ரினோவாகவே நழுவிப் போகுமா என்பது கேள்வி. போகும் என்றன வைன்பெர்க், சலாம் சமன்பாடுகள்; அதற்கு நடுநிலை மின்னோட்டம் என்று பெயர். நியூட்ரானும் இதே மாதிரி சத்தமில்லாமல் உள்ளே வந்து கருவை இடித்துக் குமிழி கிளப்பும் என்பதுதான் வில்லங்கம். நியூட்ரினோவா, நியூட்ரானா? செர்ன்காரர்கள் ஒரு நல்ல வழி பிடித்தார்கள். நியூட்ரான் சுலபமாக மோதும், ஆகவே அதன் தடயங்கள் அறையின் வாசலருகே குவிந்து உள்ளே போகப் போகக் குறைய வேண்டும். நியூட்ரினோவுக்கு வாசலும் கொல்லையும் ஒன்றுதான். எண்ணிப் பார்த்தால் நிகழ்வுகள் அறை முழுக்கச் சமமாகப் பரவிக் கிடந்தன. 1973 ஜூலை 19, பால் முசே செர்னில் அறிவித்தார்.

அட்லாண்டிக்கின் அந்தப் பக்கத்தில் ஃபெர்மிலாபில் ரூபியா, கிளைன், மேன் குழு. நாங்களும் பார்த்தோம் என்று முதலில் கட்டுரை அனுப்பினார்கள். பிறகு கருவியைக் கொஞ்சம் மாற்றி அமைத்தார்கள், சமிக்ஞை மறைந்தது. அப்படி ஒன்று கிடையவே கிடையாது என்றார்கள். செர்னுக்கு வயிற்றைக் கலக்கியது. அங்கேயே மூத்த இயற்பியலாளர் ஒருவர், கார்கமெல் சொல்வது தப்பு என்று தன் ஒயின் சேமிப்பில் பாதியைப் பந்தயம் வைத்தார். இந்தத் துறையில் மதுபானம் இல்லாமல் எதுவும் நிரூபணமாவதில்லை. 1974 வசந்தத்தில் ஃபெர்மிலாப் மறுபடி ஒரு பல்டி அடித்தது. மறைந்த சமிக்ஞை திரும்ப வந்துவிட்டது. மின்சாரத்தில் இருப்பதுபோல் இதிலும் மாறுதிசை வகை உண்டு போலும் என்று ஊரே சிரித்தது. ஒயின்காரர் பாட்டில்களை எடுத்துக் கொடுத்தார். 1979இல் நோபல் பரிசு சமன்பாடு எழுதியவர்களுக்குப் போனது. லகாரிக் 1975இலேயே காலமாகிவிட்டார். அரக்கியின் உடம்பில் விரிசல் விழுந்து ஓய்வு கொடுத்துவிட்டார்கள். இப்போது செர்ன் தோட்டத்தில் நிற்கிறாள்.

இனி கருவின் முழு அயோக்கியத்தனத்துக்கு வருவோம். நியூட்ரினோ நியூட்ரானை மோதும் சூத்திரத்தில் அச்சு நிறை என்று ஓர் எண் வரும். நியூட்ரான் எவ்வளவு பரந்து இருக்கிறது என்பதன் ஜாடை. எழுபது, எண்பதுகளில் டியூட்டீரியம் நிரப்பிய குமிழி அறைகளில் அளந்து 1.03 என்று தீர்மானித்துப் பரணில் போட்டார்கள். 2006இல் ஜப்பானின் கே2கே, தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜன் கருவில் அளந்தது. 1.20 வந்தது. 2010இல் ஃபெர்மிலாபின் மினிபூன், 12 மீட்டர் கோளத்தில் 800 டன் கனிம எண்ணெயை ஊற்றிக் கார்பன் கருவில் அளந்தது. 1.35! அதே கார்பனில் கூடுதல் ஆற்றலில் அளந்த நோமாட் 1.05 என்றது. ஆளாளுக்கு ஒரு அளவு. நியூட்ரானே மாறிவிட்டதா என்று கேட்கிற அளவுக்குப் போனது.

இவர்கள் எல்லோரும் கருவை ஒரு வாயுப் பை என்று வைத்துக் கணக்குப் போட்டிருந்தார்கள். உள்ளே புரோட்டானும் நியூட்ரானும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் திரிகின்றன என்று அனுமானம். மார்ட்டினி, மக்டா எரிக்சன் குழுவினர் 2009இல் எடுத்துச் சொன்னார்கள்: அவை ஜோடி ஜோடியாகப் பிணைந்திருக்கும், ஒன்றை அடித்தால் கூட இருப்பதும் சேர்ந்து வெளியே வரும், உங்கள் கருவி இரண்டையும் ஒரே கணக்கில் எழுதிவிடுகிறது. வேடிக்கை என்னவென்றால், எலெக்ட்ரானை வைத்துக் கருவை அடித்துப் பார்த்தவர்களுக்கு இந்த ஜோடி விவகாரம் பல பத்தாண்டுகளாகத் தெரியும். அணுக்கரு இயல்காரர்களும் துகளியல்காரர்களும் ஒரே கட்டடத்தில் மாடி மாறி உட்கார்ந்திருந்தார்கள். படி ஏறிப் போய்க் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

அப்புறம் ரோஷம் வந்து ஃபெர்மிலாபில் மினெர்வா என்ற கருவியைக் கட்டினார்கள். ஒரே கற்றையின் முன்னால் ஹீலியம், கார்பன், தண்ணீர், இரும்பு, ஈயம் என்று வரிசையாக நிறுத்தி வைத்து ஒவ்வொரு கருவும் எப்படி நடந்துகொள்கிறது என்று ஒப்பிட்டார்கள். இடையில் ஒரு விளையாட்டும் உண்டு. 2012இல், 240 மீட்டர் பூமியைத் துளைத்து நியூட்ரினோக் கற்றை வழியே ஒரு சேதி அனுப்பினார்கள். சேதி ஒரே சொல்: 'நியூட்ரினோ'. வேகம் விநாடிக்கு 0.1 பிட். கோடானுகோடி டாலர் இயந்திரத்தில் பௌலி காலத்துத் தந்தியைவிட மெதுவாக ஒரு வார்த்தை போய்ச் சேர்ந்தது.

இவ்வளவு டன் கணக்கையும் கேலி செய்கிற மாதிரி 2017இல் ஒன்று நடந்தது. நியூட்ரினோ மெதுவாகத் தட்டினால் கரு முழுசாக ஒரே பொருளாய் அசையும், அப்படி அசைகிற வாய்ப்பு மற்றதைவிட மிக அதிகம் என்று டேனியல் ஃப்ரீட்மன் 1974இல் எழுதியிருந்தார். இதை அளக்கச் சொல்வது அகங்காரம் என்று தானே கூச்சப்பட்டு எழுதினார். அசைவு அவ்வளவு அற்பம். 43 வருஷம் கழித்து ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தின் நிலத்தடி நடைபாதை ஒன்றில், சீசியம் அயோடைடு படிகம் ஒன்றை வைத்து அளந்துவிட்டார்கள். படிகத்தின் எடை 14.6 கிலோ. 134 நிகழ்வுகள். அரிசி மூட்டையைத் தூக்குகிற ஆள் அந்தக் கருவியை அலட்சியமாகத் தூக்கிக்கொண்டு போய்விடலாம்.

பாடம் கற்றார்களா? டேவிஸ் நீந்திய அதே ஹோம்ஸ்டேக் சுரங்கத்தில் 8 லட்சம் டன் பாறையைக் குடைந்து எடுத்துவிட்டு, திரவ ஆர்கான் நிரப்பத் தொட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்கள். தொட்டி ஒன்றுக்கு 17,000 டன். 1,300 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஃபெர்மிலாபிலிருந்து நியூட்ரினோ வரும். கார்பன் கருவில் 12 பேர் இருந்ததற்கே அத்தனை ரகளை. ஆர்கானில் 18 புரோட்டான், 22 நியூட்ரான், மொத்தம் 40 உருப்படி. எது எதை இழுத்துக்கொண்டு வெளியே ஓடும் என்று கணிக்க இப்போதே நாலைந்து கணினி நிரல்கள் இருக்கின்றன. ஒன்று சொல்வதை இன்னொன்று ஒப்புக்கொள்வதில்லை.